மாரியில் சவாரித் திடல்: மணல் வாங்குவதற்கு முன் கிணற்றைப் பாருங்கள்

நிலாவெளி வீதிக்கு அண்மையில், 20க்கு 40 மீற்றர் அளவுள்ள திறந்த திடலில் நான்கு குதிரைகளை வைத்துச் சவாரி பழக்குகிறீர்கள். ஐப்பசி பிறந்ததும் திடல் கூழாகிவிடுகிறது. சென்ற மாரியில் ஆறு கியூப் மணல் கொட்டியும் இரண்டு கிழமைக்குள் பழையபடி ஆகிவிட்டதால், இம்முறை எத்தனை கியூப் எடுப்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மாசி வரும்வரை ஒரு கூடை மணல்கூட எடுப்பிக்க வேண்டாம் என்பதே என் பதில். அதற்குப் பிறகு எவ்வளவு என்பதைக் கடைசியில் கணக்கிட்டுச் சொல்கிறேன். கட்டட வேலைகளில் மண்ணோடும் நீரோடும் பல வருடம் பழகி, பின்னர் இதே கரையோரத்தில் ஒரு சிறிய சவாரித் திடலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என் தலையில் விழுந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஆகவே நீங்கள் கொட்டிய ஆறு கியூப் ஏறத்தாழ 17 கன மீற்றர். அதை 800 சதுர மீற்றரில் பரப்பினால் கிடைப்பது இரண்டு சென்ரிமீற்றர் சொச்சம் கனமுள்ள ஒரு படலம் மட்டுமே. மறுபக்கத்தில், ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது இங்கே புதுமையல்ல. அப்படி ஒரு நாளில் உங்கள் திடலின் மேல் மட்டும் விழுவது 80,000 லீற்றர், அதாவது 8,000 லீற்றர் பவுசர் பத்து. பக்கத்திலுள்ள லாயத்துக் கூரையிலிருந்து ஒழுகுவதும், வீதிப் பக்கமிருந்து வழிந்து வருவதும் இதில் சேராது. பத்துப் பவுசர் நீருக்குப் போக வழி இல்லாத இடத்தில் இரண்டு சென்ரிமீற்றர் மணல் செய்யக்கூடியது எதுவுமில்லை. சேற்றின் மேல் விழுந்த மணல், குதிரை மிதிக்க மிதிக்கக் கீழே இறங்கும். கீழேயுள்ள களி மேலே வரும். மணலின் பருக்கைகளுக்கு இடையே நீர் இறங்கவேண்டிய சந்துகளைக் களி அடைத்துக்கொள்வதால், அடுத்த மழைக்குத் திடல் முன்பைவிட மோசமாகும். பணத்தைச் சேற்றில் கொட்டியது என்று சொல்வார்களே, உங்கள் விடயத்தில் அது உவமையல்ல.

மணலுக்கும் நீருக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள, ஒரு மாலை நிலாவெளிக் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். மேட்டிலுள்ள காய்ந்த மணலில் கணுக்கால்வரை புதையும். நடையே களைப்பைத் தரும். அலை தொட்டுவிட்டுப் போன ஈர மணலில் கால் தடம் மட்டும் பதியும். அதன் மேல் சைக்கிள்கூட ஓடலாம். இன்னும் இரண்டடி உள்ளே போய், அலை திரும்பும்போது அசையாமல் நின்றால், குதிகாலின் கீழிருந்து மணல் நழுவி நீங்கள் மெல்ல அமிழ்வீர்கள். மூன்றும் ஒரே மணல்தான். ஈரம் அளவோடு இருக்கும்போது பருக்கைகளுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் நீரால் நிரம்பியதும் அந்தப் பிடி அற்றுப்போகிறது. நல்ல திடல் என்பது வருடம் முழுவதும் அந்த நடு நிலைக்கு அருகில் வைத்திருக்கப்படும் திடல். கச்சான் காற்றுக் காலத்தில் நீர் தெளித்தும், வாடைக் காலத்தில் நீரை வடித்தும் நாம் செய்வது இதைத்தான்.

அடுத்து, உங்கள் திடலைக் கெடுப்பது மேலிருந்து வரும் நீரா, கீழிருந்து வரும் நீரா என்று அறியவேண்டும். பெருமழை விட்ட மறுநாள், திடலின் நடுவிலும் தாழ்ந்த மூலையிலும் ஓரடி ஆழத்துக்கு ஒவ்வொரு குழி வெட்டுங்கள். மேலே சேறாக இருந்தும் குழியின் அடி காய்ந்திருந்தால், நடுவில் ஏதோ ஒரு களிப்படலம் நீரை இறங்கவிடாமல் தடுக்கிறது என்று பொருள். குழியின் பக்கச் சுவர்களிலிருந்து நீர் ஊறிவந்து நிரம்பினால், நிலத்தடி நீர் உங்கள் திடலின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குழி வெட்டச் சோம்பலாக இருந்தால் உங்கள் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். புரட்டாதியில் வாளிக் கயிறு முழுவதையும் விழுங்கும் கிணறு, மார்கழியில் கையால் அள்ளுமளவுக்கு ஏறிவிடுவது கரையோரத்தில் எல்லோரும் கண்டதுதான். கிணற்று வளையத்தின் உட்புறத்தில் பாசி படிந்த கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, மாரியில் உங்கள் நிலத்தடி நீர் அந்த உயரத்துக்கு ஏறுகிறது. அந்தக் கோட்டுக்கும் திடலின் மட்டத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று நீர்மட்டக் குழாய் பிடித்து அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனி எடுக்கப்போகும் முடிவுகள் எல்லாம் அந்த எண்ணை ஒட்டியவையே.

இதே திடல் கன்னியா, கந்தளாய்ப் பக்கம் இருந்திருந்தால் நோய் வேறு. அங்குள்ள செங்கபில மண் கோடையில் கல்லாக இறுகும். நனைந்ததும் காலில் அப்பும். அங்கே நிலத்தடி நீர் எட்டாத ஆழத்தில் இருந்தாலும் மேல்நீர் இறங்காது. ஆகவே சரிவும் சுற்று வாய்க்காலுமே மருந்து. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணற்பட்டியில் மழை சட்டென்று இறங்கிவிடும். ஆனால் இறங்கிய நீர் போக இடமின்றி மேலே ஏறி வரும். உங்கள் திடலில் இரண்டும் கலந்திருக்கும் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் பூர்வீக மணலின் மேல் யாரோ கிரவல் போட்டு இறுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கிரவலைப் பற்றி ஒரு வார்த்தை. வீதிக்கும் வீட்டு முற்றத்துக்கும் கிரவல் நல்ல பொருள். அதிலுள்ள களிதான் கற்களைக் கட்டிப் பிடிக்கிறது. சவாரித் திடலின் அடித்தளத்துக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது: நீர் தங்காமல் ஊடுருவிப் போகும், தூசு கழுவிய கருங்கல் சல்லி. நான் பார்த்துக்கொண்ட திடலை முதலில் அமைத்த ஒப்பந்தகாரர், சல்லியைவிட மலிவு என்றும் கல்லுப்போல் இறுகும் என்றும் சொல்லிக் கிரவலை நிரப்பி உருளை ஓட்டிவிட்டுப் போனார். ஆவணியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை முதற்கிழமையில் அதன் மேற்பரப்பு குழைந்து, மணலுக்கும் கிரவலுக்கும் இடையே சவர்க்காரம் பூசியதுபோன்ற ஒரு படலம் உண்டானது. வளைவில் திரும்பிய குதிரையின் பின்னங்கால்கள் இரண்டும் ஒரே பக்கமாக வழுக்கிப் போனதைக் கண்ட அன்றோடு அந்த மாரிக்குத் திடலை மூடினோம். மேலே மணல் நன்றாகத் தெரிந்ததால் ஏறியிருந்த பிள்ளைக்கும் ஆபத்துத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை.

சரியான அடுக்கு முறை இதுதான். இயற்கை நிலத்தை ஒரு பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் வெட்டி இறுக்க வேண்டும். 20 மீற்றர் அகலத்துக்கு இது 20 சென்ரிமீற்றர் இறக்கம். அதைவிடக் கூடிய சரிவு மணலை மழையோடு இழுத்துக்கொண்டு போகும். அதன் மேல் மண்ணையும் கல்லையும் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் 15 சென்ரிமீற்றர் சல்லி, அந்தச் சல்லியின் மேல் மீண்டும் துணி அல்லது நன்கு இறுக்கிய சின்னச் சல்லி, எல்லாவற்றுக்கும் மேலே மணல். சரிவின் தாழ்ந்த பக்கத்தில், 40 மீற்றர் நீளத்துக்கு, துளையிட்ட நாலங்குலக் குழாயைச் சல்லியோடு சேர்த்துத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள்.

புத்தகத்தில் உள்ள இந்த வடிகான் முறை கரையோரத்தில் தோற்றுப்போவது அதன் வாயிலில்தான். குழாய் 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் தொடங்கி நூற்றுக்கு ஒன்று இறங்கினால், 40 மீற்றர் முடிவில் அது திடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் கீழே நிற்கும். மார்கழியில் உங்கள் கிணற்று நீரே இரண்டடியில் நிற்கும்போது, ஒரு மீற்றர் ஆழத்திலுள்ள குழாய் நீரை வெளியேற்றாது. வெளியிலுள்ள நீரை உள்ளே அழைத்து வரும். ஆகவே தோண்டுவதை விட்டு உயர்த்த வேண்டும். பாசிக் கோட்டிலிருந்து குறைந்தது 60 சென்ரிமீற்றர் மேலே சல்லிப் படுக்கையின் அடி வருமாறு மண் நிரப்பி, திடலை ஒரு திண்ணைபோல எழுப்பி, வடிகானை இருநூற்றுக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவில் ஆழமில்லாமல் ஓட்டுங்கள். நிரப்பு மண்ணுக்கு மட்டும் கிரவல் பாவிக்கலாம். அங்கே அது துணிக்குக் கீழே இருக்கும். செலவு கூடும்தான். ஆனால் பாதி உயர்த்திப் பாதி தோண்டிய திடலுக்கு இரண்டு முறை செலவழிக்க நேரும்.

இந்த வருடம் அவ்வளவு பெரிய வேலை முடியாது என்றால், மலிவாக முடியக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, லாயக் கூரைக்குப் பீலி போட்டு அந்த நீரைத் திடலுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோவது. 100 சதுர மீற்றர்க் கூரை, 100 மில்லிமீற்றர் மழையில் 10,000 லீற்றரைத் தருகிறது. மற்றது, வீதிப் பக்கமிருந்து வரும் நீரைத் திடலை அடையுமுன் மறித்துத் திருப்பும் ஒரு கான். ஓரடி அகலம், ஓரடி ஆழம் போதும். இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு இரண்டு நாளில் முடிப்பார்கள். திடலின் ஓரத்தில் மணலைத் தடுக்கப் பனங்குற்றிகளை இடைவெளியின்றி அடுக்கியிருப்பீர்களானால், தாழ்ந்த பக்கத்தில் நாலைந்து இடங்களில் கையகல இடைவெளி விட்டு, உட்புறம் துணி வைத்து மறையுங்கள். மணல் நிற்கும், நீர் போகும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறிய காலத்தில் நான் முதலில் செய்தது, தாழ்ந்த மூலையிலிருந்த குற்றிகள் இரண்டைப் பிடுங்கி எறிந்ததுதான். காலையில் கொஞ்ச மணல் வெளியே போயிருந்தது. திடலில் நீர் நிற்கவில்லை.

இனி அன்றாடப் பராமரிப்பு. பெருமழை வரும் என்று வானிலை அறிவித்தல் வந்தால், அதற்கு முன் இலத்தி முழுவதையும் அள்ளிவிடுங்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ இலத்தி போடும். அதில் திடலில் விழுவது கொஞ்சம்தான் என்றாலும், மழையில் கரைந்தால் அது களியைப்போலவே மணலின் சந்துகளை அடைக்கும். பிறகு மேற்பரப்பைச் சமப்படுத்தி, இலேசான உருளையாலோ பாரமேற்றிய பரம்புப் பலகையாலோ மூடிவிடுங்கள். கிளறிப் பொங்கிய மணல் மழையைக் குடித்துக்கொள்ளும். மூடிய மணலில் பெரும்பகுதி நீர் சரிவைப் பிடித்து ஓடிவிடும். வெளிநாடுகளில் பந்தய மண்தடங்களையும் மழைக்கு முன் இப்படித்தான் இறுக்கி மூடுகிறார்கள். குளம்புத் தடங்களோடு விட்ட திடலில் ஒவ்வொரு தடமும் ஒரு கிண்ணம்.

மழை விட்டதும் என்ன செய்யவேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். எதுவும் செய்யக்கூடாது என்பதே சரி. நீர் தேங்கியுள்ள பள்ளத்திலிருந்து ஓரத்துக்கு மண்வெட்டி நுனியால் ஒரு கோடு கீறி வழி விடலாம், அவ்வளவுதான். பல் வைத்த சட்டத்தை உழவு இயந்திரத்தில் பூட்டி இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. மூன்று நாள் அடைமழை ஓய்ந்த காலையில், வெயில் பட்டதும் மேற்பரப்பு வெளுத்திருந்ததைக் காய்ந்துவிட்டதாக எண்ணி, லேண்ட்மாஸ்டரை இறக்கினேன். இரண்டாவது சுற்றில் சில்லு புதைந்தது; வெளியே எடுக்க முறுக்கியதில் சட்டத்தின் பல் கீழேயிருந்த துணியில் கொளுவி, கருப்புத் துணி முழ நீளத்துக்குக் கிழிந்து மேலே வந்தது. அந்த இடத்தைத் தோண்டி ஒட்டுப் போட எடுத்த நான்கு நாட்களில், நான் அமைதியாக இருந்திருந்தால் திடல் தானாகவே காய்ந்திருக்கும். திடலில் எப்போதாவது துணியின் விளிம்பு தலைகாட்டினால், அதைச் சரிசெய்யும்வரை ஒரு குதிரையையும் உள்ளே விடாதீர்கள். லாடம் அதில் கொளுவினால் குதிரையும் ஆளும் சேர்ந்தே விழுவார்கள்.

எப்போது கிளறலாம் என்பதற்கு என் அளவுகோல் கைப்பிடி மணல். மூன்றங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் சவாரியும் இல்லை, கிளறலும் இல்லை. நீர் கசியாமல் கொழுக்கட்டைபோல உருண்டு நின்று, பெருவிரலால் தட்டியதும் இரண்டாக உடைந்தால், அன்றைக்குத்தான் திடல் தயார். உருட்டவே வராமல் உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். மாரியில் அந்தக் கவலை உங்களுக்கு வராது. கிளறும்போதும் ஓரங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பல் இறங்கக்கூடாது.

ஈரத் திடலில் சவாரி செய்யும்போது ஓரத்தடத்தைக் கவனியுங்கள். பழகுநர்கள் எல்லோரும் வேலியை ஒட்டியே போவதால் அங்கே ஒரு வாய்க்கால் உண்டாகிவிடும். வடிகானுக்குப் போகவேண்டிய நீர் அதில் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாள் மாலையும் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளப்பட்ட மணலை இறேக்கினால் திரும்ப ஓரத்துக்கு இழுத்துவிட அரை மணி நேரம் போதும். நீள்கயிற்றில் கட்டி ஒரே வட்டத்தில் ஓட்டுவதையும், பாய்ச்சல் பயிற்சியையும் மார்கழி முடியும்வரை நிறுத்துங்கள். ஆழமான, உறிஞ்சிப் பிடிக்கும் மணல் குதிரையின் முன்கால் தசைநாருக்கு எமன். அது வீங்கினால் குணமாக மாதங்கள் செல்லும். நான்கு குதிரையில் ஒன்று நின்றாலே உங்கள் பிழைப்பில் கால்வாசி போய்விடும். சவாரி முடிந்ததும் குளம்பின் அடியைக் கிண்டித் துடைத்துக் காயவிடுங்கள். நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கும் குளம்பின் நடுவிலுள்ள மென்மையான முக்கோணப் பகுதி அழுகி, கறுத்த நாற்றமுள்ள கசிவு வரத் தொடங்கும். சேற்றில் நின்று வேலை செய்யும் பையன்களுக்கும் முழங்கால்வரை பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். எலிக்காய்ச்சல் வயலில் மட்டும்தான் வரும் என்றில்லை.

கந்தளாய் ஆலைகளிலிருந்து உமி மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கொட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். லாயத்தில் படுக்கையாகப் போடுங்கள், திடலில் வேண்டாம். முதல் மழைக்கு மிதந்து வடிகான் வாயை அடைக்கும். மிஞ்சியது உக்கி எருவாகும். மரத்தூளும் அப்படியே, ஈரத்தில் வழுக்கவும் செய்யும். தும்புச் சோறு நீரைப் பிடித்து வைத்திருக்கவே பயன்படும் பொருள். நீங்கள் கேட்பதோ நீரை விடும் பொருள்.

மணலைத் தெரிவு செய்வதில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீட்டு வாசலிலேயே கடல் இருக்கும்போது ஆற்று மணலுக்கு ஏன் காசு என்று தோன்றும். கடற்கரை மணலின் பருக்கைகள் அலையில் உருண்டு உருண்டு மழுங்கியவை. குளம்பின் கீழே கோலிக்குண்டுபோல விலகும். அதிலுள்ள உப்பு லாடத்தையும் வேலி ஆணியையும் அரிக்கும், குளம்பை உலர்த்தும். அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. (புல்மோட்டையின் கறுப்பு மணலைப் பற்றி ஒருவர் என்னிடம் விசாரித்ததுண்டு. அது இல்மனைற் கனிமம். பரப்பி மிதிக்க அல்ல, ஏற்றுமதி செய்ய உள்ள பொருள்.) மகாவலியின் கீழ்ப்பகுதியில், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலிருந்து வரும் ஆற்று மணலில் கோணம் மழுங்காத நடுத்தரப் பருமனுள்ளதைத் தேடுங்கள், அகழ்வுக்கும் ஏற்றி வருவதற்கும் உரிய அனுமதிப் பத்திரத்தை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் முக்கால்வரை நீரும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குலுக்கி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மணலின் மேல் படிந்திருக்கும் வண்டல் படலத்தை அளந்தால், அது மணலின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு மேலென்றால் அந்த டிப்பரைத் திருப்பி அனுப்புங்கள். கட்டட வேலைக்கு எடுக்கிற ஒருவர் அதை வாங்கிக்கொள்வார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாசியில் கிணறு இறங்கத் தொடங்கியதும், களியோடு கலந்துவிட்ட பழைய மேற்படையை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து நடைபாதைக்கோ அணைக்கட்டுக்கோ போடுங்கள். அடித்தளம் முடிந்த பின், முதலில் ஐந்து சென்ரிமீற்றர் மணல் மட்டும்: 800 சதுர மீற்றருக்கு 40 கன மீற்றர், அதாவது 14 கியூப், மிதிபட்டு அமரும் என்பதால் 15 என்று வையுங்கள். ஒரு மாதம் ஓடிப் பார்த்து, குளம்பு அடித்தளத்தைத் தட்டும் சத்தம் கேட்டால் அரை அங்குலம் கூட்டுங்கள். அதற்கு மூன்றரை கியூப். பெரும்பாலும் 18க்கும் 22க்கும் இடையில் நின்றுவிடும். கூட்டுவது எளிது, அதிகமாகிப்போனதை அள்ளுவது பெரும்பாடு. டிப்பரைத் திடலுக்குள் பின்னோக்கி ஏறவிடாமல் வாசலிலேயே கொட்டுவித்து, கைவண்டியில் ஏற்றிப் பரப்புங்கள். புதிதாகப் போட்ட சல்லியில் சில்லுப் பதிந்த இரண்டு பள்ளங்கள் அடுத்த கார்த்திகையில் இரண்டு குளங்களாகத் திரும்பி வரும்.